டர்போ காரை விட்டு ஹைப்ரிட் செடானுக்கு மாறினால் என்ன ஆகும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: 300 குதிரைத்திறன் டர்போ எஞ்சின், மேனுவல் கியர், இறுக்கமான சஸ்பென்ஷன் கொண்ட காரைச் சில வருடங்களாக ஆசையாக ஓட்டி வருகிறீர்கள். இப்போது தினசரிப் பயணம் பெரும்பாலும் நெரிசலில் கழிகிறது, பின்சீட்டில் குழந்தைக்கான இருக்கை ஏறிவிட்டது, பெட்ரோல் செலவும் உறுத்துகிறது. பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும், டொயோட்டா கேம்ரி, ஹோண்டா அக்கார்ட் மாதிரி ஒரு ஹைப்ரிட் செடானுக்கு மாறினால் கொஞ்ச நாளில் சலித்துப்போகுமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைய காரில் உங்களுக்கு எது பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. பிக்கப், கியர் போடும் சுகம், வளைவில் கிடைக்கும் பிடிமானம், எஞ்சின் சத்தம் என்று நாலு தனித்தனி விஷயங்களைச் சேர்த்துத்தான் 'ஓட்ட நல்லா இருக்கு' என்கிறோம். இந்த நாலையும் ஹைப்ரிட் ஒரே மாதிரி பறித்துக்கொள்வதில்லை. ஒன்றில் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே கொடுக்கும். ஒன்றை முழுசாக எடுத்துவிடும்.

பலரும் பயப்படுவது பிக்கப்பை நினைத்து. அந்தப் பயம் பெரும்பாலும் வேண்டாத பயம். மின் மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்கு விசையையும், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் பலத்தையும், தரக்கூடியது. இப்போதைய ஹோண்டா அக்கார்ட் ஹைப்ரிடின் மோட்டார் 335 நியூட்டன் மீட்டர் தருகிறது. டர்போ கார் அந்த அளவுக்கு வர, சுற்று ஏறி, டர்போ காற்றழுத்தத்தைக் கூட்டி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். சிக்னல் பச்சையானதும் முதல் முப்பது, நாற்பது கிலோமீட்டர் வேகம்வரை ஹைப்ரிட் செடான் உங்கள் காரைவிடச் சுறுசுறுப்பாகத் தோன்றினால் ஆச்சரியப்படாதீர்கள். நெரிசலில் ஒரு இடைவெளி கிடைத்ததும் நுழைவதற்கு அதுபோல் வாகான கார் கிடையாது.

வித்தியாசம் தெரிவது 80-க்கு மேலேதான். 2025 மாடல் கேம்ரியின் மொத்தத் திறன் 225 குதிரைத்திறன், அக்கார்ட் ஹைப்ரிடுக்கு 204. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட இரண்டுக்கும் 7 விநாடியை ஒட்டி ஆகும். குடும்பக் காருக்கு அது தாராளம். ஆனால் நெடுஞ்சாலையில் 90-லிருந்து 130-க்கு ஒரே இழுப்பில் போய்ப் பழகியவருக்குக் கார் கொஞ்சம் மூச்சு வாங்குவது போலத்தான் இருக்கும். நீண்ட மலையேற்றத்தில் முழுச் சுமையோடு ஆக்ஸிலரேட்டரைத் தொடர்ந்து அழுத்தினால் இன்னொன்றும் நடக்கும். இந்தக் கார்களின் பெரிய பேட்டரி ஒன்று, ஒன்றரை யூனிட் மின்சாரம் மட்டுமே பிடிக்கக்கூடியது. அது இறங்கிவிட்டால் மிஞ்சுவது பெட்ரோல் எஞ்சினின் சொந்த பலம் மட்டும்தான். விளம்பரத்தில் போடும் மொத்தக் குதிரைத்திறன் சில நிமிடங்களுக்கான கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். மாறியவர்களில் முதல் வாரமே முகம் சுளிப்பவர்கள் இதற்குத்தான் சுளிக்கிறார்கள். ஆக்ஸிலரேட்டரை முக்கால்வாசி அழுத்தினால் எஞ்சின் ஒரே ஸ்ருதியில் கத்திக்கொண்டு நிற்கும், வேகம் அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாதது போலத் தோன்றும். சுற்று ஏறுவதைக் காதால் கேட்டே அடுத்த கியர் போட்டுப் பழகியவருக்கு இது ஏதோ கோளாறு மாதிரிப் படும். கோளாறு இல்லை, அதன் அமைப்பே அப்படி.

டொயோட்டா 1997-இல் ப்ரியஸில் கொண்டுவந்த அமைப்பில், வழக்கமான கியர்பாக்ஸே கிடையாது. ஒரே ஒரு கோள் பல்சக்கரத் தொகுதி இருக்கிறது. அதன் நடுச்சக்கரத்தோடு ஒரு மோட்டார், சுற்றி வரும் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தோடு எஞ்சின், வெளிவளையத்தோடு கார் சக்கரங்களை ஓட்டும் இன்னொரு மோட்டார் என்று மூன்றும் பிணைந்திருக்கும். முதல் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் போதும், காரின் வேகம் எதுவாக இருந்தாலும் எஞ்சினைத் தனக்கு வேண்டிய சுற்றில் நிறுத்திக்கொள்ள முடியும். நீங்கள் அழுத்தியதும் கணினி 'இவ்வளவு பலம் வேண்டுமா, சரி' என்று எஞ்சினை அதற்கேற்ற சுற்றுக்குக் கொண்டுபோய் அங்கேயே வைத்துவிடுகிறது. உரசித் தேய கிளட்ச் இல்லை, ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டரும் இல்லை. இயந்திரமாகப் பார்த்தால் அழகான வேலை. காதுக்குத்தான் ஒவ்வாது.

எல்லா ஹைப்ரிடும் இப்படி இல்லை. உங்களைப் போன்றவர் பிராண்டைப் பார்க்கும் முன் இதைத்தான் பார்க்க வேண்டும். ஹோண்டாவின் இரண்டு மோட்டார் அமைப்பில் நகர வேகங்களில் சக்கரத்தை ஓட்டுவது மோட்டார்தான். எஞ்சின் பெரும்பாலும் மின்சாரம் தயாரிக்கிறது. நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது ஒரு கிளட்ச் பூட்டிக்கொண்டு எஞ்சினை நேராகச் சக்கரத்தோடு இணைக்கும். காலுக்கும் காருக்கும் நடுவே தொய்வு இல்லாமல் மின்சாரக் காரை நெருங்கிய உணர்வு வரும். வேகமெடுக்கும்போது கியர் மாறுவது போல எஞ்சின் சுற்றைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் ஏற்பாடும் புதிய மாடல்களில் இருக்கிறது. அது பாவனைதான், ஆனாலும் காது சமாதானமாகிவிடுகிறது. ஹூண்டாயின் வழி வேறு. சொனாட்டா ஹைப்ரிடில் எஞ்சினுக்கும் 6 கியர் ஆட்டோமேட்டிக்குக்கும் நடுவே மோட்டாரைச் செருகியிருக்கிறார்கள், எலான்ட்ரா ஹைப்ரிடில் 6 கியர் இரட்டை கிளட்ச். நிஜ கியர்கள், நிஜமாகவே மாறுகின்றன. ஆனால் எஞ்சின் வந்து சேரும் நேரத்தில் மெல்லிய உதறல் எப்போதாவது தெரியும்.

என் கணிப்பைக் கேட்டால், ஓட்டுவதில் ருசி உள்ளவர் ஹோண்டா வகையை முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மைலேஜும் நீண்ட உழைப்பும் மட்டும் போதும் என்றால் டொயோட்டா வகை. கியர் மாறுவதை உடம்பால் உணராவிட்டால் தூக்கம் வராது என்பவருக்கு ஹூண்டாய் வகை. ஆனால் கையால் கியர் போடுவதுதான் உங்கள் முதல் சந்தோஷம் என்றால், அதை இவற்றில் எதுவும் தராது. முழுசாகப் போய்விடும் என்று மேலே சொன்னது அதைத்தான். இடது காலுக்கு வேலை கிடையாது, வளைவுக்கு முன் கியர் இறக்கிச் சுற்றைப் பொருத்தும் கைப்பழக்கத்துக்கும் இடம் கிடையாது. சில மாடல்களில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடலைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஹோண்டாவில் அது ஆக்ஸிலரேட்டரை விட்டதும் கார் எவ்வளவு இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைக்கும் சமாச்சாரம்.

அடுத்தது பிரேக். பெடலை மிதித்தால் முதலில் மோட்டார் எதிர்மாறாக வேலை செய்து, காரின் வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரியில் ஏற்றும். அதற்கு மேல் தேவைப்பட்டால்தான் பிரேக் பேட் டிஸ்க்கைப் பிடிக்கும். எவ்வளவு யார் செய்வது என்பதைக் கணினி விநாடிக்கு விநாடி பங்கு போடுகிறது. ஆகவே உங்கள் கால் உணர்வது டிஸ்க்கின் எதிர்ப்பை அல்ல, ஒரு ஸ்பிரிங் அமைப்பு காட்டும் எதிர்ப்பை. கவனித்துப் பாருங்கள்: சிக்னலை நோக்கி மெதுவாக அழுத்திக்கொண்டே வரும்போது 10 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி மோட்டார் விலகி பேட் பொறுப்பேற்கும். காலின் அழுத்தம் மாறாமலே கார் ஒரு சின்னக் குத்தலோடு பிடிக்கும். நிற்பதற்கு முன் காலை நூலளவு தளர்த்தினால் குத்தல் மறைந்துவிடும். உங்கள் காலுக்கு ஏற்கெனவே நுணுக்கம் பழகியிருப்பதால் சீக்கிரம் பிடிபட்டுவிடும். ஆனால் வளைவுக்குள் நுழையும்போதே பிரேக்கை மெல்ல மெல்ல விடுகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், அந்தத் துல்லியம் இதில் வராது.

வளைவு என்றதும் எல்லோரும் எடையைத்தான் சொல்வார்கள். கேம்ரி ஹைப்ரிட் சுமார் 1,600 கிலோ, இந்தக் காலத்துச் செடானுக்கு அது ஒன்றும் அதிகமில்லை. பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் தாழ்வாக இருப்பது நல்லதுதான், டிக்கி இடத்தையும் தின்பதில்லை. உண்மையான குறுக்கீடு டயர். மைலேஜுக்காக உருளும் தடை குறைந்த டயரைப் போட்டு அனுப்புகிறார்கள். உங்களுக்குப் பழக்கமான வளைவில் பழைய வேகத்தில் நுழைந்தால் முன்சக்கரம் சீக்கிரமே கீச்சிட்டுக்கொண்டு வெளிப்பக்கம் நழுவப் பார்க்கும். அந்த டயர் தேய்ந்து மாற்றும்போது அதே அளவில் பிடிமானம் அதிகமுள்ள டயராகப் போட்டால் கார் வெகுவாக மாறிவிடும், மைலேஜ் கொஞ்சம் குறையும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சஸ்பென்ஷனைத் தாழ்த்துவது, பெரிய சக்கரம் மாட்டுவது எல்லாம் இந்தக் காரில் செலவுக்கு ஒப்பாகாது.

இனி மைலேஜ் கணக்கு. இதில் ஒரு மயக்கம் இருக்கிறது. உங்கள் கார் லிட்டருக்கு 9 கிலோமீட்டர் தருவதாக வைப்போம், ஹைப்ரிட் 20 தரும். வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓடினால் பழைய காருக்கு 1,667 லிட்டர், புதியதற்கு 750 லிட்டர். மிச்சம் சுமார் 917 லிட்டர். சரி, இன்னும் சிக்கனமான மாடலைத் தேடி 25 தரும் காரை எடுத்தால்? 600 லிட்டர் ஆகும், கூடுதல் மிச்சம் 150 லிட்டர்தான். பெரிய லாபம் ஹைப்ரிடுக்கு மாறுவதிலேயே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரு லிட்டருக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டர் அதிகம் என்பதற்காகப் பிடிக்காத சீட்டையும் மந்தமான ஸ்டீயரிங்கையும் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. பிடித்த மாடலையே வாங்குங்கள்.

உங்கள் டர்போ எஞ்சின் உயர் ஆக்டேன் பெட்ரோல் கேட்கும் ரகமாக இருந்தால் அந்தச் செலவும் குறையும். கேம்ரியின் 2.5 லிட்டர் எஞ்சினின் அழுத்த விகிதம், அதாவது பிஸ்டன் காற்றைச் சுருக்கும் அளவு, 14-க்கு 1. இவ்வளவு அழுத்தத்தில் பெட்ரோல் நேரம் தப்பி வெடித்து எஞ்சின் தட்ட வேண்டும். அப்படியிருந்தும் சாதாரண பெட்ரோலில் தட்டாமல் ஓடுகிறது. அட்கின்சன் சுழற்சி என்று சொல்லப்படும் முறையில், பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் காற்று உள்ளே வரும் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். உறிஞ்சியதில் ஒரு பகுதி வெளியே திரும்பிப்போவதால் நிஜ அழுத்தம் குறைவு. விரிவடையும் நீளம் மட்டும் முழுசாகக் கிடைக்கிறது. எரிபொருளின் ஆற்றலில் 41 சதவீதம்வரை வேலையாக மாறுகிறது என்று டொயோட்டா சொல்வது இதையெல்லாம் சேர்த்துத்தான். இம்முறையில் எஞ்சினின் இழுவை குறையும். அந்தப் பள்ளத்தைத்தான் மோட்டார் நிரப்புகிறது.

உங்கள் ஓட்டம் பெரும்பாலும் நெடுஞ்சாலையில், அதுவும் 130 வேகத்தில் என்றால் மேலே போட்ட கணக்கு பொருந்தாது. 100-லிருந்து 130-க்கு ஏறினால் காற்றுத் தடை கிட்டத்தட்ட 70 சதவீதம் கூடும். பிரேக் பிடிக்கவே வேலையில்லாத சாலையில் மீட்டெடுக்க மின்சாரமும் இருக்காது. குளிர் காலத்தில் இரண்டு, மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டி நிறுத்துபவர்களுக்கும் மைலேஜ் ஏமாற்றம்தான், ஏனென்றால் புகை சுத்திகரிப்பானையும் கேபினையும் சூடாக்கவே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் சொன்ன நெரிசல் பயணம் இதற்கு நேர் எதிர். ஹைப்ரிட் பிறந்ததே அதற்குத்தான்.

பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாக. ஹைப்ரிடின் வகையைப் பொறுத்துக் கிளட்ச், டர்போ, ஸ்டார்ட்டர் என்று செலவு வைக்கும் பாகங்கள் பல போய்விடும், பிரேக் பேட் நீண்ட நாள் உழைக்கும். பேட் குறைவாக வேலை செய்வதால் டிஸ்க்கில் துரு படியும். வாரம் ஒருமுறை ஆளில்லாத சாலையில் இரண்டு தடவை அழுத்திப் பிரேக் பிடித்தால் சுத்தமாகிவிடும். பெரிய பேட்டரிக்குப் பல நாடுகளில் 8 வருடமோ அதற்கு மேலோ வாரண்டி உண்டு. அதைக் கொல்வது பெரும்பாலும் வெப்பம். பின்சீட்டுக்குப் பக்கத்திலோ கீழேயோ ஒரு சின்னக் காற்றுத் துவாரம் இருக்கும், பேட்டரியைக் குளிர்விக்கும் விசிறி அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. நாய் வளர்ப்பவர்கள் காரில் அதன் வடிகட்டி முடியாலும் தூசியாலும் கம்பளி போல அடைத்துக்கொண்டிருக்கும். குழந்தை சீட்டுக்கு அடியில் போடும் விரிப்பு அந்தத் துவாரத்தை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலை வாருவது பெரும்பாலும் 12 வோல்ட் சின்ன பேட்டரி. எஞ்சினைச் சுற்றி எழுப்புவது அதன் வேலை இல்லை. கணினிகளை விழிக்கவைத்து, பெரிய பேட்டரியின் இணைப்பைப் போட்டுக்கொடுப்பதோடு சரி. ஆனால் அது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் அசையாது. சில வாரங்கள் வண்டியை எடுக்காமல் விட்டால் இப்படி ஆகும். எடுத்து ஓட்டுவதுதான் மருந்து, முடியாவிட்டால் ஒரு சின்ன சார்ஜர். ஆரம்ப நாட்களில் இதற்கு நேர்மாறான பிரச்சினையும் வரும். பட்டனை அழுத்தினால் சத்தமே இருக்காது, டேஷ்போர்டில் 'ரெடி' என்ற விளக்கு மட்டும் எரியும். வீடு வந்ததும் அணைத்தோமா இல்லையா என்று தெரியாமல் இறங்கிப்போய்விடுவீர்கள். நடந்து போகிறவர்களுக்கும் நீங்கள் வருவது கேட்காது என்பதால்தான் மெதுவான வேகத்தில் காரே ஒரு முனகலை எழுப்புகிறது. வாகன நிறுத்தத்தில் அதை நம்பிவிடாதீர்கள், போனைப் பார்த்துக்கொண்டு நடப்பவருக்கு அது எட்டுவதில்லை.

ஓட்டும் சந்தோஷம் அடியோடு போய்விடுமா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். இடம் மாறும். தூரத்தில் சிக்னல் சிவப்பாவதைப் பார்த்து, எந்த இடத்தில் காலை எடுத்தால் பேட் தொடாமலே கோட்டுக்குப் பக்கம் வரலாம் என்று கணக்குப் போடுவது ஒரு விளையாட்டு. வேகமெடுக்கும்போது தயங்காமல் அழுத்தி, வேண்டிய வேகம் வந்ததும் காலை முழுசாக எடுத்துவிட்டு மறுபடி இறகு போல வைத்தால், எஞ்சின் அணைந்து மோட்டார் மட்டும் காரைத் தாங்கிப் போகும். எப்போதும் தயங்கித் தயங்கி அழுத்துபவரைவிட இப்படி ஓட்டுபவருக்கு மைலேஜ் நன்றாக வரும். நீண்ட இறக்கத்தில் சில கிலோமீட்டரிலேயே பேட்டரி நிறைந்துவிடும். டொயோட்டாவின் சில மாடல்களில் அப்போது 'B' நிலைக்கு (நிறுத்தும்போது போடும் 'P' அல்ல) மாற்றினால் எஞ்சினைச் சும்மா சுற்றவைத்துக் கார் வேகத்தை இழுத்துப் பிடிக்கும். சமதளத்தில் அதைப் போட்டு ஓட்டினால் மைலேஜ்தான் குறையும்.

ஹைப்ரிட் என்றாலே சோம்பேறி என்ற எண்ணத்துக்கு ஒரு பதில்: 2014 முதல் ஃபார்முலா 1 பந்தயமே ஹைப்ரிட் எஞ்சினில்தான் ஓடுகிறது. 2024-இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5-உம் ஹைப்ரிட்தான், 700 குதிரைத்திறனுக்கு மேல். ஆனால் எடை 2,400 கிலோவைத் தாண்டிவிட்டது. அதைவிட ஒரு அக்கார்டையே வளைவில் ரசித்து ஓட்டலாம் என்பது என் கட்சி. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

இரண்டு கார் வைத்துக்கொள்ள இடமும் வசதியும் இருந்தால், பழைய காரை விற்காமல் நாலைந்து வருடம் ஓடிய ஹைப்ரிட் ஒன்றைத் தினசரிக்கு எடுப்பது நல்ல ஏற்பாடு. எடுக்கும் முன் பேட்டரியின் ஒவ்வொரு அடுக்கிலும் வோல்டேஜ் ஒத்திருக்கிறதா என்று ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டருக்குத் தனியாகக் குளிர்விப்புத் திரவம் இருக்கிறது, அதை மாற்றிய பதிவையும் கேளுங்கள். ஒரு கார்தான் முடியும் என்றால், விற்கும் காரில் செய்த மாற்றங்களைக் கழற்றிப் பழையபடி ஆக்கி விற்பதே லாபம். அந்த பாகங்களைத் தனியாக விற்றால் நல்ல பணம் வரும். காரோடு சேர்த்துக் கொடுத்தால் வாங்குபவர் அதைக் காரணம் காட்டியே விலையைக் குறைப்பார்.

டீலரிடம் கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாரக் கடைசிக்கு அதே மாடலை வாடகைக்கு எடுங்கள். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, பேட்டரி பாதிக்குக் கீழே இருக்கும்போது ஒரு நீண்ட மேட்டில் ஏறிப் பாருங்கள். இரண்டு வழிச் சாலையில் ஒரு லாரியை ஓவர்டேக் செய்து பாருங்கள். உங்கள் தினசரி நெரிசலில் ஒரு முழு நாள், ரேடியோவை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். எஞ்சின் கத்துவது அப்போதும் எரிச்சலாகவே இருந்தால் வகையை மாற்றி அடுத்த வாரம் இன்னொன்றை எடுத்துப் பாருங்கள். அதுவரை பழைய காருக்கு விலை பேச வேண்டாம்.